புதுப்பிப்பு: கருகிய வேம்பு துளிர்த்துவிட்டது

மார்கழியில் போட்ட பதிவின் தொடர்ச்சி. செல்லூர் டீக்கடைக்கு நிழல் தரும் வேம்பின் நுனிக்கொப்பெல்லாம் கருகிவிட்டது, வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். பங்குனி வரை பொறுக்கச் சொல்லியிருந்தேன். இப்போது கொப்புக்குக் கொப்பு செம்பு நிறத் துளிர்!

கருகலுக்குக் காரணம் ஒரு பூஞ்சையும், தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும். மழைக்காலத்து ஈரத்தில் பரவும். நுனி காயுமே தவிர பெரும்பாலும் மரம் சாகாது. காய்ந்த கொப்பை, கருகிய இடத்துக்கு அரையடி கீழே பச்சைக் கட்டையில் வெட்டி எரித்துவிடுங்கள். ஈர நாளில் வெட்டினால் வெட்டுவாய் வழியே பூஞ்சை மறுபடி ஏறும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, அடிமரத்தை ஒட்டிப் பூசிய சிமெண்ட். மழைநீர் வேருக்கு இறங்காது. சுற்றிலும் மூன்றடிக்கு உடைத்தெடுங்கள். கடப்பாரை வேண்டாம், உளியால் கொத்தினால் வேர் தப்பும்.

பூ உதிரும்போது ராத்திரியே பழைய வேட்டியை விரித்து வைத்தால், மண் படாமல் ரசத்துக்குப் பூ சேரும்.