ஏரியலுக்குக் கீழே இருக்கும் தகட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

திண்டுக்கல், ஐடிஐ பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை காலை வகுப்பு, ஞாயிறு இரவுக்குள் பாடக்குறிப்பை ஜெராக்ஸுக்குக் கொடுக்க வேண்டும், ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தலைப்பு, கார் ஏரியலை மாற்றிய பிறகு ரேடியோ சரியாக எடுக்கவில்லை என்றால் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்பது.

இது என் வண்டியிலேயே நடந்தது. பழைய ஏரியல் மாமரக் கிளையில் மாட்டி அடியோடு முறிந்துவிட்டது. ஒரு கடையில் புதிதாகப் போட்டேன். அதுவரை வீட்டு வாசலில் கணீரென்று கேட்ட கோடை பண்பலை, 100.5, அன்று முதல் கொரகொரவென்று ஆகிவிட்டது. செட்டைக் கழற்றினேன், கேபிளை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கூரையின் உள்துணியை இறக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், நட்டுக்கு அடியில் பல்லுப்பல்லாக இருக்கும் வாஷர் தகரத்தைத் தொடவே இல்லை, பெயிண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முந்தைய வருடம் டிங்கரிங் வேலையில் அடித்த பெயிண்ட். உப்புத்தாள் வைத்து தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துரு பிடிக்காமல் இருக்க நட்டைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்கினேன். பாட்டு வந்துவிட்டது.

இப்போது சிக்கல். ஆங்கிலப் புத்தகம் கிரவுண்ட் பிளேன் என்று சொல்கிற அந்தக் கூரைத் தகரத்துக்குத் தமிழில் என்ன எழுதுவது? போன வருடக் குறிப்பில் யாரோ 'தரைத்தளம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு பையன் எழுந்து, "சார், ஏரியலைத் தரைத்தளத்துல மாட்டணுமா, மாடியில மாட்டக்கூடாதா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை.

கோவை, ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக்:

தம்பி, சொல்லுக்கு முன்னால் ஒரு வார்த்தை. குறிப்பில் வரிசையைச் சரியாகப் போடுங்கள். முதலில் செட்டின் பின்னால் ஏரியல் பிளக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், என் கைக்கு வந்த கேஸ்களில் பாதி அதுதான். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டர். நடு ஊசிக்கும் ஏரியல் குச்சிக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் இடையே ஒன்றும் காட்டக்கூடாது, காட்டினால் கேபிள் உள்ளே ஷார்ட். வெளி உறைக்கும் வண்டியின் பாடிக்கும் இடையே மறுபடி பூஜ்யம். உங்கள் வண்டியில் தவறியது இந்த மூன்றாவது.

இதெல்லாம் சாதாரணக் குச்சி ஏரியலுக்கு. கூரையில் இருக்கும் குட்டை ஏரியல், சுறாத்துடுப்பு மாதிரி வருவது, இவற்றின் அடியில் பெரும்பாலும் ஒரு பெருக்கி இருக்கும். அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். நிறைய செட்டுகளில் அது நீல ஒயர். அதை விட்டுவிட்டு மாட்டினால் ஏரியல் இல்லாததைவிட மோசமாக இருக்கும், ஓம் கணக்கும் அங்கே ஏமாற்றும். அப்புறம் சும்மா ஒட்டுகிற சுறாத்துடுப்பு ஒன்று விற்கிறது, பிரித்தால் உள்ளே ஒன்றுமே கிடையாது. பையன்களுக்கு அதை ஒருமுறை பிரித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. ரேடியோ 'எடுக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். 'அலையேற்புத்திறன் குறைவு' என்று எழுதாதீர்கள். எடுக்கிறது, எடுக்கவில்லை, எடுப்பு. அவ்வளவு போதும்.

தஞ்சாவூர், தமிழ்ப் பேராசிரியர்:

'எடுப்பு' நல்ல சொல்தான். ஆனால் இங்கே எங்கள் ஊரில் எடுப்பு என்றால் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். சமத்தில் எடுப்பு, அரை இடம் தள்ளி எடுப்பு என்று சிறுபிள்ளையும் சொல்லும். ரேடியோவில் பாட்டு எடுப்பதும் பாட்டில் எடுப்பும் ஒரே வரியில் வந்தால் குழப்பம்தான். அது கிடக்கட்டும்.

தகட்டுக்கு வருகிறேன். அந்தத் தகடு செய்யும் வேலை என்ன? 100.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அதில் கால்பங்கு 75 செ.மீ. முழு அலைவாங்கி இயங்க இரண்டு கால்பங்கு வேண்டும். ஒன்றுதான் மேலே நிற்கிறது. மற்றொன்றைத் தகடு தன் நிழலாக, கண்ணாடியில் தெரியும் உருவமாகக் கொடுக்கிறது என்று என் மகன் சொன்னான், அவன் படித்தது மின்னணுவியல். கேட்டவுடன் எனக்குக் குறுந்தொகை 8 நினைவுக்கு வந்தது. 'கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல'. ஆடி என்றால் கண்ணாடி, பாவை அதில் தெரியும் உருவம். ஆலங்குடி வங்கனார் பாட்டு, பரத்தை கூற்று, அதாவது தலைவனின் காதற்பரத்தை அவனைப் பற்றிச் சொல்வது. நம் வீட்டில் பெரிய பேச்சுப் பேசிவிட்டுத் தன் வீட்டில் மகனின் தாய்க்கு ஆடிப்பாவைபோல் ஆடுகிறானே என்கிறாள். நாம் தூக்கினால் அதுவும் தூக்கும். குச்சியில் மின்னோட்டம் மேலே போனால் பாவையிலும் மேலே போகிறதாம். இதைவிடப் பொருத்தமாக எந்த மொழியில் சொல்ல முடியும்? ஆடித்தளம் என்று வையுங்கள். வேண்டுமானால் பாவைத்தளம்.

கோவை, மெக்கானிக்:

அம்மா, உங்கள் மகன் சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். குச்சி நிமிர்ந்து நின்றால்தான் பாவை கூடவே தூக்கும். குச்சியைக் கூரையோடு கூரையாகப் படுக்க வைத்தால் பாவையில் ஓட்டம் எதிர்ப்பக்கம் திரும்பி, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஏரியலை மடக்கிவிட்டு ஓட்டுகிறவர்கள் எடுக்கவில்லை என்று வருவார்களே, அதில் இதுவும் ஒன்று. பாட்டில் இதற்கும் ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் மரியாதையோடு சொல்கிறேன். வண்டிக் கையேடுகளை மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. 'ஆடித்தளம்' என்று எழுதி அனுப்பினால் வாடிக்கையாளர் ஆடித் தள்ளுபடி என்று நினைப்பார், இல்லையென்றால் ஆடுதளம், டான்ஸ் ஃப்ளோர். குறுந்தொகை எனக்கும் பிடிக்கும். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறவர் கையில் ஸ்பானர்தான் இருக்கிறது. பட்டறையில் அவர் கேட்கிற சொல் 'பாடி எர்த்'. 'எர்த் பிடிக்கலை, சுரண்டி வை' என்பது ஒரு முழு வாக்கியம், அதில் எவருக்கும் சந்தேகம் வராது. புரிகிற சொல் ஒன்று ஊரில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை ஏன் தட்டிவிட வேண்டும்? 'எர்த்' என்றே போடுங்கள் சார்.

யாழ்ப்பாணம், இயற்பியல் ஆசிரியர்:

எங்கள் பாடநூல்களில் புவித்தொடுப்பு, புவிக்கம்பி என்றுதான் படித்தோம், பிள்ளைகளுக்கு அது பழகிய சொல். ஆனால் அந்தச் சொல்லை இங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் புவிக்கம்பி உண்மையாகவே நிலத்துக்குள் இறங்குகிறது. வாகனம் நாலு ரப்பர் டயரில் நிற்கிறது, புவிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? ஆங்கிலத்தில் ஒரே சொல்லை மூன்று இடத்துக்கு வைத்திருக்கிறார்கள்: மண்ணில் புதைக்கிற இணைப்பு ஒன்று, பேட்டரியின் எதிர்முனையை உடலோடு சேர்ப்பது இரண்டு, அலைக்குக் கண்ணாடியாக நிற்கிற தகடு மூன்று. அவர்கள் குழப்பத்தை நாமும் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. மூன்றுக்கும் மூன்று சொல் வையுங்கள். 'எர்த்' என்று எழுதினால் பிள்ளை மண்ணைத்தான் தேடும்.

மதுரை, தனித்தமிழ் ஆர்வலர்:

புவி வடசொல் என்பது எல்லாரும் அறிந்தது. தரையும் 'தரா' என்பதிலிருந்து வந்ததாகவே சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி காட்டுகிறது. தளத்தைப் பற்றியும் ஐயம் உண்டு. ஐயமே இல்லாதது நிலம் ஒன்றுதான், 'நில்' என்ற வேர், எல்லாம் நிற்பது எதன்மேலோ அது நிலம். குச்சி நிற்பதும் அதன்மேல்தான், ஆகவே நிலைத்தகடு. தகடு தமிழ், நிலை தமிழ், பொருளும் பொருந்துகிறது.

இந்த இடத்தில் நீண்ட நாள் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பண்பலை என்ற சொல்லைப் பலர் 'பண் பலவாக வரும் அலை' என்று விளக்குகிறார்கள். பண்ணும் அலையும் சேர்ந்தால் பண்ணலை என்றுதான் ஆகும், தனிக்குறில் முன் ஒற்று இரட்டிக்கும். இது பண்பு + அலை, குற்றியலுகரம் கெட்டுப் பண்பலை. அதிர்வெண் பண்பேற்றம், அதாவது எஃப்.எம்., அதில் வரும் அதே பண்புதான். நல்ல புணர்ச்சியோடு பிறந்த சொல், கெட்ட விளக்கத்தோடு திரிகிறது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, பண்பலை விளக்கம் அருமை, எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஆனால் நிலைத்தகடு என்றால் கதவு நிலையில் அடிக்கும் தகடு. ஆசாரியிடம் கேளுங்கள். எளிமையாகக் கூரைத்தகடு என்று போனால் என்ன? எர்த்தும் இல்லை, ஆடியும் இல்லை, கண்ணால் பார்த்துக் கையால் தொடலாம்.

கோவை, மெக்கானிக்:

கூரைத்தகடு தேறாது தம்பி. அம்பாசடர் வண்டியில் ஏரியலை முன் மட்கார்டு ஓரமாகப் போடுவோம், அங்கே தகடு மட்கார்டும் பானெட்டும்தான். இன்னொரு பக்கம் ஷேர் ஆட்டோவைப் பாருங்கள், கூரை இருக்கிறது, ஆனால் ரெக்சின். ஒருத்தர் ரெக்சினில் ஓட்டை போட்டுக் குச்சியை நிறுத்திவிட்டு, எடுக்கவே இல்லை என்று என்னிடம் வந்தார். அடியில் இரண்டு அடிக்கு இரண்டு அடி தகரம் ஒன்றை வெட்டிப் போட்டு, கேபிளின் வெளி உறையை அதில் முறுக்கிப் பிடித்துக் கொடுத்தேன். மூணு சக்கரம் ஓடும்போதே பாட்டு கேட்டது. ஃபைபர் கூரை போட்ட வேனுக்கும் இதே வைத்தியம்தான். கூரை என்று பெயர் வைத்தால் இந்த இரண்டு கேஸிலும் பையன் ஏமாறுவான். 'அடித்தகடு' என்றும் யாரும் ஆரம்பிக்காதீர்கள், ஏரியலோடு வரும் சின்ன பிளேட்டைப் பட்டறையில் அப்படித்தான் சொல்கிறோம்.

குச்சிக்கு ஈடாக எதிரே நின்று மறுபாதியைக் கொடுப்பது எதுவோ அதற்குப் பெயர் வேண்டும். என் மனதில் படுவது எதிர்த்தகடு.

யாழ்ப்பாணம், ஆசிரியர்:

எதிர் என்றால் எதிர்மின் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள் என்று முதலில் மறுக்கத்தான் நினைத்தேன். அப்புறம் யோசித்தால், இன்றைய வாகனங்களில் பேட்டரியின் எதிர்முனை வருவதும் அந்த உடலுக்குத்தான். தவறாகப் புரிந்துகொண்டாலும் சரியான தகரத்தைத்தான் சுரண்டுவார்கள். எனக்குச் சம்மதம்.

திண்டுக்கல், பயிற்றுநர்:

மணி பத்தரை. ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஏரியல் நிற்கும் தகரம் அதன் எதிர்த்தகடு. பட்டறையில் இதைப் பாடி எர்த் என்பார்கள். ஏரியலின் அடிப்பாகம் எதிர்த்தகட்டை உலோகத்தோடு உலோகமாகத் தொட வேண்டும். நடுவில் பெயிண்ட், துரு, ரப்பர் எது இருந்தாலும் ரேடியோ சரியாக எடுக்காது. தகடு ஏரியலைச் சுற்றி நாலாபக்கமும் ஏறக்குறைய 75 செ.மீ. இருந்தால் நல்லது. ரெக்சின், ஃபைபர் கூரைக்கு அடியில் தனித் தகரம் போடவும். இடம் இல்லாவிட்டால் இரண்டடிக்கு இரண்டடியாவது."

'எடுப்பு'வைப் பெயர்ச்சொல்லாக எங்கும் வைக்கவில்லை, தஞ்சாவூர் அம்மாவுக்காக. வினையாக மட்டும் இருக்கிறது. மூன்று சோதனையையும் ஐயா சொன்ன வரிசையிலேயே போட்டுவிட்டேன். நாளைக்குப் பட்டறையில் ஒரு பழைய கதவை வைத்து, பெயிண்டோடு ஒருமுறை, சுரண்டி ஒருமுறை, ஓம் பார்க்கச் சொல்லப் போகிறேன்.

மதுரை, தனித்தமிழ் ஆர்வலர்:

எதிர்த்தகடு பிழையில்லாத சொல், ஒற்றும் சரியாக மிகுந்திருக்கிறது. ஆனால் குறிப்பு முழுக்க 'ஏரியல்' என்று நிற்கிறதே, அதை யாரும் கேட்கவில்லையே? அலைவாங்கி என்று பேராசிரியர் ஒருமுறை எழுதினார், அப்படியே கடந்து போய்விட்டோம்.

கோவை, மெக்கானிக்:

வாங்குவது மட்டும்தான் அதன் வேலையா ஐயா? போலீஸ் ஜீப்பில் அதே குச்சிதான் அனுப்பவும் செய்கிறது. அலைவாங்கி அரைச் சொல். இதை அடுத்த வாரம் பேசலாம், இப்போது அவர் ஜெராக்ஸ் எடுக்கட்டும்.

தஞ்சாவூர், பேராசிரியர்:

பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். ஆனாலும் என் கருத்தை இங்கே பதிந்துவைக்க விரும்புகிறேன். எதிர்த்தகடு என்பது அது எங்கே இருக்கிறது என்று சொல்கிறது, என்ன செய்கிறது என்று சொல்லவில்லை. குச்சியைப் படுக்க வைத்தால் பாவை எதிர்த்துத் திரும்பும் என்று கோவை ஐயா சொன்னாரே, அதையும் விளக்கும் சொல் ஆடிதான். பயிற்றுநர் ஐயா, பக்கத்தின் ஓரத்தில் இடம் இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் போடுங்கள், 'கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல' என்று. பையன்களில் ஒருவனாவது அது என்ன என்று கேட்பான்.

திண்டுக்கல், பயிற்றுநர்:

போட்டுவிட்டேன் அம்மா. இரண்டாம் பக்கத்தில், ஏரியல் படத்துக்குக் கீழே.