உந்தம் (நிறை × வேகம், திசையோடு சேர்த்து), மோதல் பாடத்தில் இன்னும் மனதை விட்டுப் போகாத அனுபவம் எது?

மின்மினி:
செய்முறைத் தேர்வு முடிந்து கேள்வி கேட்கும் நேரம். தேர்வாளர் ரப்பர் பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்தார். "நிறை அரைக் கிலோ என்று வைத்துக்கொள். 4 மீ/வி வேகத்தில் போய் அதே வேகத்தில் திரும்புகிறது. உந்த மாற்றம் எவ்வளவு?" வேகம் மாறவில்லையே என்று "சுழியம் சார்" என்றேன். கையை விறைப்பாக நீட்டச் சொல்லிப் பந்தை எறிந்தார். சுளீர் என்றது. "இப்போது பந்தோடு சேர்த்துக் கையைப் பின்னால் இழு" என்று மறுபடி எறிந்தார். வலிக்கவே இல்லை. இரண்டு முறையும் கணத்தாக்கு (விசை × நேரம், அதாவது உந்த மாற்றம்) ஒன்றுதான், நேரம்தான் நீண்டது. அது புரிந்த பிறகுதான் சுவர்க் கணக்கு உறைத்தது: +2 போய் −2 வந்தால் மாற்றத்தின் அளவு 4 கிகி மீ/வி. அந்தக் கழித்தல் குறியை அதன்பின் நான் விட்டதே இல்லை.

வண்டித்தடம்:
எனக்குக் காற்றுத் தடம், அதாவது காற்று மெத்தையில் வண்டிகள் கிட்டத்தட்ட உராய்வின்றி ஓடும் ஆய்வகத் தடம். சம நிறையுள்ள இரண்டு வண்டிகள், ஒன்று நிற்கிறது. 0.40 மீ/வி-யில் வந்த மற்றது மோதி ஒட்டிக்கொண்டது. மோதிய பின் 0.20. உந்தம் சரி, இயக்க ஆற்றல் பாதிதான் இருந்தது. அளந்ததில்தான் தப்பு என்று பயந்து, ஆற்றல் சரியாக வரும்படி 0.28 என்று மாற்றி எழுதிவிட்டேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "ஆற்றலைக் காப்பாற்றப் போய் உந்தத்தை 1.4 மடங்கு ஆக்கிவிட்டாயே" என்றார். கண்ணால் பார்த்த அளவை நானே அழித்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

தராசு:
வண்டித்தடம், எப்போதும் பாதி போகும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சம நிறை, ஒன்று ஓய்வில் இருந்தால்தான் பாதி. 1 கிலோ வண்டி, நிற்கிற 3 கிலோ வண்டியில் ஒட்டினால் முக்கால் பங்கு போய்விடும். என் கதை சின்னது: மீட்சி மோதலா (மொத்த இயக்க ஆற்றல் மாறாத மோதலா) என்று பார்க்காமல் ஆற்றல் சமன்பாட்டைப் போட்டு 5 மதிப்பெண் போனது. அதனால் சொல்கிறேன். முதலில் படம் வரையுங்கள். எந்தப் பக்கம் நேர்க்குறி என்று அம்புக்குறி போடுங்கள். வெளிவிசை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உந்தச் சமன்பாடு. மீட்சி மோதல் என்று கேள்வியிலேயே இருந்தால் மட்டும் ஆற்றல் சமன்பாடு. ஒட்டிக்கொண்டால் அதைத் தொடவே வேண்டாம்.

கரும்பலகை:
நான் பாடம் நடத்துகிறவன். மின்மினி சொன்ன அதே சுவர்க் கணக்கு. ஒரு மாணவி எழுந்து, "அந்த 4 எங்கே போச்சு சார்?" என்றாள். சுவர் வழியாகப் பூமிக்கு என்றேன். "அப்போ ஆற்றலும் போகணுமே, பந்து எப்படி அதே வேகத்தில் திரும்புது?" மணி அடித்துவிட்டது. எனக்கும் சட்டென்று வரவில்லை. இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஆற்றல் என்பது உந்தத்தின் வர்க்கத்தை நிறையின் இருமடங்கால் வகுத்தது. பூமியின் நிறை ஏறக்குறைய 6×10²⁴ கிலோ. அதற்குப் போவது சுமார் 1.3×10⁻²⁴ ஜூல். உந்தம் முழுதாகப் போகிறது, ஆற்றல் கிட்டத்தட்ட போவதே இல்லை! சொல்லலாம் என்று போனால், அந்த வாரமே அவள் பள்ளி மாறிவிட்டாள்.

தராசு:
ஆனால் நிஜத்தில் பந்து அதே வேகத்தில் திரும்பாதே. சத்தம், சூடு என்று கொஞ்சம் போகும்.

கரும்பலகை:
போகும்தான். அவள் கேட்டது அதை இல்லை.