தரம் 1 வகுப்பில் அம்மாமார் கதை வாசிக்கலாமா?

வயற்கரை:
புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு யோசனை. வாரத்தில் ஒருநாள் யாராவது ஒரு பெற்றார் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு 20 நிமிடம் கதைப்புத்தகம் வாசிக்க வேண்டுமாம். 11.30க்கு வகுப்பு விடும், அதற்கு முதல் 11 மணிக்கு வைக்கலாம் என்கிறா ரீச்சர். எப்படியும் நாங்கள் வாசலில் நிற்கிற ஆட்கள்தானே. நான் பெயர் கொடுத்துவிட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய_வாத்தியார்:
குறை நினைக்காதீர்கள் தங்கச்சி, எனக்கு உடன்பாடில்லை. ஆரம்பப் பிரிவில் கனகாலம் படிப்பித்தவன் நான். விடியமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறும் தாயோ, மாசியில் நெல் அருவி வெட்டுக்குப் போகும் தாயோ வாசலில் நிற்பதில்லை. "உன்ர அம்மா எப்ப வருவா?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்கும். அம்மம்மாவோடு வளரும் பிள்ளை அதற்கு என்ன சொல்லும்?

கரிப்பட்ட_முறிப்பான்:
சம்பளம் ரீச்சருக்கு, வாசிப்பு எங்களுக்கோ?

ஏ9_பயணி:
அம்மம்மாவே வரட்டுமே ஐயா. வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் கதையை எங்கள் அம்மம்மா சொன்ன மாதிரி எந்தப் புத்தகமும் சொல்லாது.

பழைய_வாத்தியார்:
அது கதை சொல்வது, தம்பி. நல்லதுதான், ஆனால் வாசிப்பது வேறு. வீட்டில் பிள்ளை கேட்பது "அவர் வாறார், நான் போட்டு வாறன்". புத்தகத்தில் இருப்பது "அவர் வருகிறார், நான் சென்று வருகிறேன்". ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பாதி வேற்றுமொழி. எழுத்துக்கூட்டத் தெரிந்தாலும், கூட்டி வரும் சொல்லைக் காதால் கேட்டிராவிட்டால் அது விளங்காது. தரம் 3இலும் தடக்கி வாசிக்கும் பிள்ளைகள் பலரிடம் நான் கண்ட குறை இதுதான்.

வயற்கரை:
ஐயா, நீங்கள் எனக்காக அல்லவா வாதாடுகிறீர்கள்! அந்தப் புத்தகத் தமிழைக் காதால் கேட்கத்தானே நாங்கள் வாசிக்கப் போகிறோம்.

பழைய_வாத்தியார்:
சரி, அகப்பட்டுக்கொண்டேன். ஆனால் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மல்லாவி_மகள்:
இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். 2008இல் போரால் இடம்பெயரும்போது நான் தரம் 4. அப்புறம் மரத்தடியில் கொஞ்சம், 2009இல் செட்டிகுளம் முகாமில் கொஞ்சம் படித்தேன். மனதுக்குள் வாசிப்பேன். சத்தமாக வாசித்தால் நாக்குத் தடக்கும். என் மகளின் வகுப்பில் போய்த் தடக்கினால் அவளுக்குத்தானே வெட்கம்? பெயர் கொடுக்காதவர்கள் எல்லோரும் நேரமில்லாதவர்கள் இல்லை, ஐயா.

பழைய_வாத்தியார்:
பிள்ளை, இதை நான் யோசிக்கவில்லை. வர நேரமில்லாத தாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

வயற்கரை:
அக்கா, புத்தகத்தை இரண்டு நாளுக்கு முதலே வீட்டுக்குத் தரச் சொல்லி ரீச்சரிடம் கேட்கிறேன். படம் பெரிதாக, பக்கத்துக்கு இரண்டு வரி உள்ளதாக இருந்தால் போதும். இரவில் மகளுக்கே நாலு தரம் வாசித்துக் காட்டுங்கள்.

கரிப்பட்ட_முறிப்பான்:
நாலு தரம் கேட்ட பிறகு மகளே போய் வாசித்துவிடுவாள்.

மல்லாவி_மகள்:
அதுவும் நல்லதுதான். பார்ப்போம்.

பழைய_வாத்தியார்:
நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் செய்வதென்றால், யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலை மட்டும் வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டாம் என்று ரீச்சரிடம் சொல்லுங்கள்.