ஒரே சி நிரல், நான்கு பிஎஸ்டி: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் குழு பராமரிக்கும் தமிழ் அகராதித் தேடல் நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை பிஎஸ்டி (பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸிலிருந்து வந்த இயங்குதளக் குடும்பம்) பக்கம் கொண்டுபோனபோதுதான், ஒரே வேரிலிருந்து வந்த இந்த அமைப்புகள் நிரலாளரிடம் எவ்வளவு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன என்று தெரிந்தது. ஃப்ரீபிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் 1993-இல், 386பிஎஸ்டி என்ற முந்தைய பிஎஸ்டியின் வழியில் வந்தவை. ஓபன்பிஎஸ்டி 1995-இல் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்தது, டிராகன்ஃப்ளை 2003-இல் ஃப்ரீபிஎஸ்டி 4-இலிருந்து.

ஃப்ரீபிஎஸ்டியில் பெரிய வேலை இல்லை. நிரலைக் கட்டும் படிகளைச் சொல்லும் மேக்ஃபைல், லினக்ஸில் வழக்கமான குனு மேக் கருவிக்காக எழுதப்பட்டிருந்ததால் அதை (அங்கே அதன் பெயர் ஜிமேக்) நிறுவினோம். ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில், அவற்றை ஓட்டும் பாஷ் ஷெல்லின் பாதையை மாற்றினோம். அவ்வளவுதான், ஓடிவிட்டது.

நெட்பிஎஸ்டியில் கம்பைல் செய்தபோது, வரிசையின் சுட்டெண் 'கேர்' (ஒரு பைட் எழுத்து) வகையில் இருக்கிறது என்று திரை முழுக்க எச்சரிக்கை. இடைவெளியா, எழுத்தா என்று பார்க்கும் 'இஸ்ஸ்பேஸ்' போன்றவற்றைக் கூப்பிட்ட ஒவ்வொரு இடத்திலும் அதே புகார். யூடிஎஃப்-8இல் 'க' என்ற எழுத்து 224, 174, 149 என மூன்று பைட். x86 கணினியில் 'கேர்' குறியுள்ள எண் என்பதால் அவை -32, -82, -107 ஆகிவிடுகின்றன. எதிர்மறை எண்ணை அந்தச் செயற்கூறுகளுக்குக் கொடுக்கக்கூடாது என்பது சி மொழியின் விதி (கோப்பு முடிந்தது என்று காட்டும் இஓஎஃப் மட்டும் விலக்கு). லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி, இந்தச் செயற்கூறுகள் பார்க்கும் அட்டவணையை -128 வரை நீட்டி வைத்திருப்பதால் யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. ஆங்கில உரையில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது, தமிழ் உரையிலோ ஒவ்வொரு எழுத்திலும் இருக்கிறது. தமிழுக்கு நிரல் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது நெட்பிஎஸ்டியில் கம்பைல் செய்து பாருங்கள் என்று சொல்வேன்.

ஓபன்பிஎஸ்டியில் சுத்தமாகக் கம்பைல் ஆனது, தேடலும் நடந்தது, மூடும்போது விழுந்தது. பிழை தேடும் கருவியான டீபக்கரில் பார்த்தால் ஒரு பாயிண்டரின் (நினைவக முகவரியின்) மதிப்பு முழுக்க, பதினாறடிமான எண்ணில், டிஎஃப், டிஎஃப், டிஎஃப். விடுவித்த நினைவகத்தில் அங்குள்ள மேலாக் (நினைவகம் ஒதுக்கும் பகுதி) எழுதி வைக்கும் பைட் அது. அதாவது, விடுவித்த இடத்தை நிரல் மறுபடி படிக்கிறது. மற்ற இடங்களில் பழைய மதிப்பு அப்படியே கிடந்ததால் தப்பித்துக்கொண்டிருந்தது. தனிக் கருவி எதுவும் போடாமல், சாதாரணமாக ஓட்டியே இது வெளியே வந்தது.

அப்புறம் ஓபன்பிஎஸ்டியின் பிளெட்ஜ். 'இனி கோப்பைப் படிப்பேன், திரையில் எழுதுவேன், வேறெதுவும் செய்யமாட்டேன்' என்று ஒரே வரியில் நிரல் வாக்குக் கொடுக்கலாம். மீறினால் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) அதைக் கொன்றுவிடும். ஃப்ரீபிஎஸ்டியின் கேப்சிகமும் இதே நோக்கத்துக்குத்தான். ஆனால் அந்த முறைக்குள் நுழைந்தபின் பெயர் சொல்லிக் கோப்பைத் திறக்க முடியாது, தேவையானதை முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும். கட்டுப்பாடு இன்னும் நுணுக்கமானது, ஆனால் நிரலின் அமைப்பையே அதற்காக மாற்ற வேண்டும். ஏற்கெனவே எழுதிய நிரலுக்கு என் ஓட்டு பிளெட்ஜுக்குத்தான்.

ஒரு குறை: ஓபன்பிஎஸ்டியில் மொழிவாரி வரிசைப்படுத்தல் கிடையாது. யூனிகோடு எண் வரிசைப்படி 'ன' போய் 'ந'வுக்கும் 'ப'வுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். எங்களிடம் சொந்த அகரவரிசை அட்டவணை இருந்ததால் பாதிப்பில்லை.

*

நான் கோ மொழியில் எழுதுபவன், என் அனுபவம் வேறு பக்கம். லினக்ஸ் கெர்னல் தன் சிஸ்டம் கால்களை (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை) மாற்றாமல் காப்பாற்றும், அதனால் கோ நிரல்கள் சி லைப்ரரியைத் தொடாமல் கெர்னலிடமே பேசிக்கொள்ளும். ஓபன்பிஎஸ்டி அந்த உறுதியைத் தருவதே இல்லை. கோ 1.16-இலிருந்து அங்கே 64-பிட் இன்டெல், ஆர்ம் கணினிகளில் லிப்சி (அமைப்பின் சி லைப்ரரி) வழியாகத்தான் போகிறது. 2024-இல் வந்த ஓபன்பிஎஸ்டி 7.5 பதிப்பில் 'சிஸ்கால்' என்ற பொது வழியையே எடுத்துவிட்டார்கள். தாக்குபவருக்கு ஒரு வாசல் குறைகிறது என்பதால் அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, பழைய பைனரிக்கு (கம்பைல் செய்த நிரலுக்கு) உத்தரவாதமில்லை என்றால், வாடிக்கையாளருக்குப் பைனரி மட்டும் கொடுத்துவிட்டு வருகிற எனக்குக் கஷ்டம். ஃப்ரீபிஎஸ்டியில் பழைய பெரும் பதிப்புக்குச் செய்த பைனரியை, பொருத்தமான காம்பேட் தொகுப்பு (பழைய லைப்ரரிகள்) போட்டால், புதியதிலும் பெரும்பாலும் ஓட்டிவிடலாம். ஜெயில் (தனித்துப் பிரித்த சூழல்), இசட்எஃப்எஸ் (கோப்பு முறைமை) இரண்டும் அதிலேயே இருப்பதால் பழைய பதிப்புக்கென ஒரு ஜெயில் வைத்துச் சோதிப்பதும் சுலபம்.

*

நெட்பிஎஸ்டி பற்றி மேலே இருவரும் சொல்லாமல் விட்டுப்போன ஒன்று: அமைப்பையே கட்டித் தரும் பில்ட்.எஸ்ஹெச் ஸ்கிரிப்ட். மூல நிரலை இறக்கி, என் லினக்ஸ் மடிக்கணினியிலேயே, ரூட் அனுமதி இல்லாமல் ஆர்ம் சிப் உள்ள ஒரு சிறு கணினிப் பலகைக்கான முழு அமைப்பையும் கட்டினேன். தேவையான கிராஸ் கம்பைலரை (வேறு வகைக் கணினிக்கு நிரல் கட்டும் கம்பைலரை) அந்த ஸ்கிரிப்டே முதலில் கட்டிக்கொள்கிறது. கெர்னலில் ஒரு டிரைவரைத் திருத்திவிட்டு, கெர்னலை மட்டும் திரும்பக் கட்டி எஸ்டி கார்டில் போட்டுப் பார்ப்பது அன்றாட வேலை மாதிரி ஆகிவிட்டது. பலகைகளோடு வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

டிராகன்ஃப்ளையை ஹேமர்2 கோப்பு முறைமைக்காக மட்டும் போட்டுப் பார்த்தேன். ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் அந்த நேர நிலை) எடுப்பது இனிமையாக இருக்கிறது, ஆனால் அது 64-பிட் இன்டெல் வகைக் கணினிகளில் மட்டுமே ஓடும் என்பதால் என் பலகைகளுக்கு உதவவில்லை.