பெசன்ட் நகரா, நீலாங்கரையா?

வணக்கம். அம்மாவோடு சென்னையிலேயே தங்கிவிட வீடு தேடுகிறோம். பட்ஜெட் தாராளம்தான், குழப்பம் அதைவிடத் தாராளம்.

பெசன்ட் நகரில் பார்த்தது பழைய ஃபிளாட். யூடிஎஸ் (நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) நன்றாக இருக்கிறது. ஆனால் பால்கனி கிரில்லைத் தொட்டால் துரு கையோடு வருகிறது, ஏசியின் அவுட்டோர் யூனிட் அரித்துப்போய்க் கிடக்கிறது. நீலாங்கரையில் கடலை ஒட்டித் தனி வீடு. அதற்கு சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) அனுமதி சரியா என்று எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும்? கோட்டூர்புரம் என்றாலே அம்மா வேண்டாம் என்கிறார். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்ததை அவர் மறக்கவில்லை. (போட் கிளப் பக்கம் போகவில்லை, அவ்வளவு தாராளம் இல்லை!)

நீலாங்கரைவாசிகள் சொல்லுங்கள்: போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா? மாதம் எத்தனை லாரி தண்ணீர் வாங்குகிறீர்கள்? அப்புறம், ஞாயிறு சாயங்காலம் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வண்டி நகருமா?