குரூப் 4 ஆர்டர் கையில், ஓசூரில் நண்பனோடு வி.எம்.சி. ஷாப்: எதை எடுப்பது?

செட்டர்_ஓசூர் கேட்டது:

வணக்கம். வயசு 30, டிப்ளமோ மெக்கானிக்கல். சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம். பாலிடெக்னிக் முடிச்ச கையோட ஓசூர் வந்தவன், இன்னும் இங்கேதான் இருக்கேன். ஆட்டோ பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனியில வி.எம்.சி. (கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மெஷின்) செட்டர், அதாவது ஒவ்வொரு ஜாபுக்கும் மெஷினைத் தயார் பண்ற ஆள். புரோகிராமும் நானே போடுவேன். கையில 27,000 வருது, ஓ.டி. இருந்தா 31, 32.

அம்மா நச்சரிப்பு தாங்காம 2025 ஜூலையில குரூப் 4 எழுதினேன். 13 லட்சம் பேருக்கு மேல விண்ணப்பிச்ச தேர்வு, 3,935 இடம்னு அறிவிச்சாங்க. நமக்கெல்லாம் எங்க கிடைக்கப் போகுதுன்னுதான் உட்கார்ந்தேன். நைட் ஷிஃப்ட்ல நாற்பது நிமிஷம் ஓடற ஜாப் ஒண்ணு இருந்தது. டோரைச் சாத்தி சைக்கிள் ஸ்டார்ட் குடுத்துட்டு ஸ்கூல் தமிழ்ப் புத்தகத்தை எடுப்பேன். இலக்கணப் பக்கம் பூரா கூலண்ட் கறை. ரேங்க் வந்துருச்சு. கவுன்சலிங்ல இளநிலை உதவியாளர், சிவகங்கை மாவட்டத்துலேயே கிடைச்சது. நியமன ஆர்டரும் வந்தாச்சு.

இப்பப் பிரச்சினை என்னன்னா, என்கூட முன்னாடி வேலை பார்த்த நண்பன் ஒருத்தன் ரெண்டு வருசமா தனியா ஷெட் போட்டு ஒரு சி.என்.சி. லேத் ஓட்டிட்டிருக்கான். அவனுக்கு வேலை குடுக்கற ஒரு பெரிய பார்ட்டி (கம்பெனி) மில்லிங் வேலையும் தர்றேன்னு சொல்லியிருக்கு. அலுமினியம் ஹவுசிங், மெட்டீரியல் அவங்களே அனுப்பிருவாங்க. ரெண்டு வி.எம்.சி. போடலாம், நீ பாதி பார்ட்னரா வான்னு கூப்பிடறான். அவன் கணக்கு இது: மெஷின் ரெண்டு 64 லட்சம், வைஸ், ஹோல்டர், கம்ப்ரஸர், ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்த்து 70. ஆளுக்கு மூன்றரை லட்சம் போடறோம், 63 லட்சம் பேங்க் லோன். புதுசா தொழில் தொடங்கறவங்களுக்கான தமிழக அரசோட நீட்ஸ் திட்டத்துல 25 சதவீதம் மானியம், வட்டியில 3 சதவீதம் அரசாங்கம் குடுக்கும். மணிக்கு 350 ரூபா ரேட். ரெண்டு ஷிஃப்ட்ல தினம் 16 மணி நேரம், 25 நாள் ஓடினா ரெண்டு மெஷினும் சேர்ந்து மாசம் 2,80,000. ஆபரேட்டர் நாலு பேர், வாடகை, கரண்ட், இன்சர்ட் (டூல்ல மாட்டற வெட்டு முனை) எல்லாம் ஒன்றரை லட்சம் போக மீதி 1,30,000. டியூ கட்டிட்டு ஏதோ நிக்கும், மூணாவது வருசத்துல இருந்து பாருன்றான்.

அரசு வேலையில அடிப்படை 19,500. அகவிலைப்படி 58 சதவீதம்னு வச்சா 30,810. வீட்டு வாடகைப்படி கொஞ்சம் சேரும், ஓய்வூதியத்துக்கு 10 சதவீதம் பிடிப்பாங்க. கையில 28 சொச்சம். இன்னைக்கு வாங்கறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மனைவி இங்க தனியார் ஸ்கூல்ல டீச்சர், பையன் எல்.கே.ஜி. அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. அம்மாவுக்கு இதுல யோசிக்க என்ன இருக்குன்னே புரியல. எனக்கு மெஷின் பிடிக்கும். ஃபைல் பிடிக்குமான்னு தெரியல. நண்பன் சொல்றான், “குரூப் 4 அடுத்த வருசமும் வரும், இந்த மில்லிங் ஆர்டர் வராது”ன்னு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

தபால்_பிரிவு:

நான் பத்தாண்டுக்கு மேலாக இளநிலை உதவியாளர், பிறகு உதவியாளர் என்று இருப்பவன். நண்பர் சொன்ன அந்தக் கடைசி வரிக்கு மட்டும் முதலில் பதில். குரூப் 4 அறிவிப்பு அடுத்த வருடமும் வரலாம், உங்கள் ரேங்க் வராது. இந்த முறை உங்களுக்குத் தெரிந்த கேள்விகள் வந்தன. சொந்த மாவட்டத்தில் இடம் காலியாக இருந்தது. இரண்டும் மறுபடி சேர்ந்து வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

வேலை எப்படி இருக்கும் என்றால், முதல் வருடம் தபால் பதிவதும், தன்னிடம் வரும் கடிதங்களைக் குறிக்கும் ‘தன் பதிவேடு’ எழுதுவதும்தான். ஒரு கோப்பு ஏன் நகரவில்லை என்று உங்களைக் கேட்பார்கள், நகர்த்தும் அதிகாரம் உங்களிடம் இருக்காது. மெஷினில் அளவு சரியாக வந்தால் சரி, தவறினால் தவறு. இங்கே அப்படிக் கையோடு தெரியாது. உங்களைப் போன்ற தொழில் தெரிந்தவர்களுக்கு அதுதான் முதலில் கசக்கும். என் பிரிவில் ஒரு பி.இ. பையன் ஆறு மாதம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கணினியில் சம்பளப் பட்டியல் வேலையை அவனிடம் கொடுத்தோம், ஆள் மாறிவிட்டான்.

பவானிசாகரில் அரசு ஊழியர் பயிற்சி, துறைத் தேர்வுகள், இரண்டு வருடத் தகுதிகாண் பருவம் எல்லாம் உண்டு. பதவி உயர்வு முழுக்க எந்தத் துறை என்பதைப் பொறுத்தது. வருவாய்த் துறை என்றால் மேலே போகப் படிகள் உண்டு. ஊழியர் குறைவாக உள்ள சிறு துறை என்றால் மேலே இருப்பவர் ஓய்வு பெறும் வரை நாற்காலி நகராது. நீங்கள் துறையின் பெயரைச் சொல்லவில்லை. சம்பளத்தை விட அதை முதலில் விசாரியுங்கள்.

சேர்ந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், அதில் குற்றம் ஒன்றுமில்லை. சேராமல் விட்டால் அந்தக் கதவு அத்தோடு சரி.

---

கணபதி_ஜாப்ஒர்க்:

தம்பி, கோயம்புத்தூர் கணபதியில மூணு மெஷின் ஓட்டறேனுங்க. உங்க நண்பர் கணக்கைப் பாத்தேன். செட்டரா இருந்துட்டு நீங்களே அதை எப்படி ஒத்துக்கிட்டீங்கன்னு தெரியல. 16 மணி நேரம் ஆள் இருப்பாங்க, ஸ்பிண்டில் (டூலைச் சுத்தற தண்டு) ஓடாதுங்க. செட்டிங் மாத்தோணும், ஃபர்ஸ்ட் பீஸ் எடுத்து பார்ட்டி கிட்ட அப்ரூவல் வாங்கோணும், மெட்டீரியல் லாரி சாயந்திரம் வரும், மரை போடற டேப் உடைஞ்சு ஹோலுக்குள்ள நிக்கும். பில் போடற மணி நேரம் 12 வந்தாலே நல்ல ஷாப்புங்க. இப்பக் கணக்குப் போடுங்க. 12 மணி, 25 நாள், 350 ரூபா: ஒரு மெஷினுக்கு 1,05,000. ரெண்டுக்கும் 2,10,000. செலவு ஒன்றரை போனா மீதி 60,000. 63 லட்சத்துக்கு ஏழு வருசம், பத்தரை வட்டின்னா டியூவே மாசம் 1,06,000 வருமுங்க. மாசம் 46,000 எங்கிருந்து எடுப்பீங்க? அதுல உங்களுக்கும் சம்பளம் கிடையாது, அவருக்கும் கிடையாது.

மானியத்தைக் கழிச்சுக் கணக்குப் போடாதீங்க. அது உங்க கைக்கு வர்ற காசு இல்லைங்க, லோன் கணக்குக்குப் போறது. வட்டி மானியமும் நீங்க கட்டினதுக்கப்புறம் வர்றதுதான். வந்தா லாபம்னு தனியா வெச்சுக்கோங்க.

அடுத்தது பேமெண்ட். ஒரே பார்ட்டியை நம்பி ரெண்டு மெஷின் போடக் கூடாதுங்க. உத்யம்னு சிறுதொழில் பதிவு இருந்தா 45 நாளைக்குள்ள தரோணும்னு 2006 சட்டமே இருக்குது. வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்)னு ஒரு பிரிவு வந்ததுக்கப்புறம், தராம வெச்சிருந்தா அந்தச் செலவை அவங்க வருமான வரிக் கணக்குல அந்த வருசம் காட்ட முடியாது. அதனால மார்ச் மாசம் மட்டும் ஃபோன் எடுப்பாங்க. சட்டத்தைக் காட்டிக் கேட்டா காசு வருமுங்க, அடுத்த ஆர்டர் வராது. நமக்குத் தொண்ணூறு நாள் ஆகும்னு வெச்சுக்கோங்க. அந்தத் தொண்ணூறு நாளும் ஆபரேட்டருக்குச் சம்பளம், இன்சர்ட், கரண்ட் பில்லு எல்லாம் கைக்காசு. 70 லட்சம் புராஜெக்ட்ல நடைமுறை மூலதனம்னு ஒரு வரியே காணோமே? கரண்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2022 செப்டம்பர்ல நிலைக் கட்டணத்தை ஏத்தினாங்க, அதை எதுத்து 2023 செப்டம்பர் 25-ம் தேதி நாங்கெல்லாம் கதவடைப்புக் கூடப் பண்ணினோம். மெஷின் ஓடினாலும் ஓடாட்டியும் கட்ட வேண்டிய காசு அது.

இத்தனையும் சொல்லிட்டு இதையும் சொல்லோணும். செட்டிங்கும் புரோகிராமும் ரெண்டும் தெரிஞ்ச ஆள் முதலாளியா இருந்தா அந்த ஷாப் பொழைக்குமுங்க. காசு வெச்சிருக்கறவன் நூறு பேரு வருவான், முதல் பீஸை ஓகே பண்ற கை அவன்கிட்ட இருக்காது. நானா இருந்தா ஒரு மெஷின், அதுவும் நல்ல செகண்ட் ஹேண்ட், ரெண்டு பார்ட்டி கையில வெச்சுட்டு இறங்குவேன். சர்க்கார் உத்தியோகத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.

---

பேரேடு:

ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன். மெஷின் பத்திப் பேச எனக்குத் தகுதி இல்லை, காகிதம் பத்திப் பேசறேன்.

நண்பர் ஏற்கெனவே லேத் ஓட்டறார்னு சொன்னீங்க. அந்த லேத்தை எந்தக் கடன்ல வாங்கினார்? பி.எம்.இ.ஜி.பி. மாதிரி மத்திய அரசு மானியத் திட்டத்துல வாங்கியிருந்தா அவர் மறுபடி நீட்ஸ்ல வர முடியாது. நீட்ஸ் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது, புது யூனிட்டுக்கு மட்டும்தான். பார்ட்னர்ஷிப்னா எல்லாப் பங்குதாரரும் தகுதியோட இருக்கணும். இதை அவரிடம் நேராக் கேளுங்க. மாவட்டத் தொழில் மையத்துலயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க.

ரெண்டாவது, பாதிப் பங்குன்னா பாதிக் கடன்னு நினைக்காதீங்க. 1932 பங்குதாரர் சட்டப்படி ஃபர்ம் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுசாப் பொறுப்பு. அவர் இல்லைன்னு கையை விரிச்சா பேங்க் உங்ககிட்ட மொத்தத்தையும் கேட்கலாம். ஒப்பந்தம் எழுதிப் பதிவும் பண்ணணும். பதிவாகாத ஃபர்ம், பார்ட்டி காசு தரலைன்னு கேஸ் போட முடியாது.

உங்க மனைவி என்ன சொல்றாங்க? கேள்வியில அம்மா இருக்காங்க, நண்பன் இருக்கான், மனைவி மட்டும் பையனோட சேர்ந்து ஒரே வரியில வந்துட்டுப் போயிட்டாங்க.

---

செட்டர்_ஓசூர்:

எல்லாருக்கும் நன்றி. கணபதி அண்ணே, 16 மணி நேரம் ஓடாதுன்னு எனக்கும் தெரியும். எங்க கம்பெனியில மெஷின் நிக்கற நேரத்தைக் குறிக்கற டவுன்டைம் ஷீட் எழுதறதே நான்தான். அவன் வாயில கேட்கும்போது ஏனோ சரியாப் பட்டது.

பேரேடு மேடம், கேட்டேன். லேத் பி.எம்.இ.ஜி.பி.யில வாங்கினதுதான். அது பிரச்சினையில்ல, லோனை உன் பேர்ல மட்டும் போட்டுக்கலாம், நமக்குள்ள பாதிப் பாதின்னு பேசிக்கலாம்னான். வேலையில சேர ஆசையா இருந்தா சேர்ந்துக்கோ, அப்ப உன் பொண்டாட்டி பேர்ல போடலாம், நீ சனி ஞாயிறு வந்து புரோகிராம் போட்டுக் குடுன்னும் சொன்னான். மானாமதுரையில இருந்து ஓசூருக்கு, சனி ஞாயிறு.

மனைவிகிட்ட இதைச் சொன்னேன். நோட்டுத் திருத்திட்டு இருந்தா. சிவப்புப் பேனாவைக் கீழ வைக்கக்கூட இல்ல. “மெஷினை நீ பார்ப்பே, பார்ட்டியை அவரு பார்ப்பாரு, பேங்க்கை நான் பார்க்கணுமா?”ன்னா. ஷாப் வேண்டாம்னு அவ சொல்லல. கையெழுத்து போட மாட்டேன்னுதான் சொன்னா. ஊருக்குப் போறதுல அவளுக்கும் வருத்தம் இருக்கு, அங்க இதே சம்பளத்துல ஸ்கூல் கிடைக்காது.

---

தபால்_பிரிவு:

மனைவி பெயரில் போட்டு நீங்கள் நடத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 இருக்கிறது. அனுமதியில்லாமல் தொழில் செய்யக் கூடாது. குடும்பத்தில் ஒருவர் தொழில் செய்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஒரு மொட்டைக் கடிதம் போதும், தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு விளக்கம் கேட்டு குறிப்பாணை வந்து நிற்கும். ஒன்று அங்கே, இல்லை இங்கே.

---

கணபதி_ஜாப்ஒர்க்:

கடன் உங்க பேர்ல, பார்ட்டி அவர் கையில, ஷெட்டும் அவருது. அப்ப அது பார்ட்னர்ஷிப் இல்லைங்க தம்பி. அவர் ஷாப்புக்கு நீங்க மெஷின் வாங்கித் தர்றீங்க. முதல்ல சொன்னதை மாத்திக்கறேன், இந்த ஆளோட வேண்டாம். தொழில் வேண்டாம்னு சொல்லல.

---

செட்டர்_ஓசூர்:

போய்ச் சேர்றதுன்னு முடிவு பண்ணியாச்சு. நண்பன்கிட்ட, ஒரே மெஷின், உன் பேர்லயே லோன், நான் ஓசூர்ல இருக்கற வரைக்கும் செட்டிங் பண்ணிக் குடுத்து ஒரு ஆளையும் பழக்கி விடறேன்னு சொன்னேன். பார்க்கலாம்னான். குரல்ல சூடு இருந்தது. மனைவியும் பையனும் ஸ்கூல் வருசம் முடியற வரைக்கும் இங்கேயே இருப்பாங்க. பவானிசாகர் பயிற்சி முடியட்டும், பிறகு குடும்பத்தைக் கூட்டிட்டுப் போறதைப் பத்திப் பேசலாம்னு இருக்கோம்.

கணபதி அண்ணே, செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கும்போது ஸ்பிண்டில் எப்படிப் பார்ப்பீங்கன்னு நேரம் கிடைக்கும்போது எழுதுங்க. சும்மா தெரிஞ்சு வச்சுக்கத்தான்.

தபால் சார், உடற்தகுதிச் சான்றிதழ் எந்த டாக்டர்கிட்ட வாங்கணும்?

---

தபால்_பிரிவு:

நியமன ஆணையின் நிபந்தனைகளிலேயே போட்டிருக்கும். ஆணையை முழுசாகப் படியுங்கள், இனி அதுதான் உங்கள் வேலை.