உப்புநீர்த் தொட்டியில் உயிர்கள் காணாமல் போகின்றன: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அலைவாசி (சிங்கப்பூர்):
தொட்டியில் ஆறு குரோமிஸ் மீன் விட்டேன், இப்போது இருப்பது இரண்டு. செத்த உடல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முதலில் போனது க்ளீனர் இறால். தோலுரித்துவிட்டு ஒளிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் வாரத்துக்கு ஒரு மீன். விளக்கு அணைந்தபின் 'டக்' என்று ஒரு சத்தம், கண்ணாடியை விரலால் சுண்டியது போல. டார்ச்சில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். லைவ் ராக்கில் (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடல் கல்) சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வாயில் காம்பு வைத்த இரண்டு கண்கள். ஒன்று என் பக்கம் இருந்தது, மற்றது மீன் தூங்கும் பக்கமாகத் திரும்பியது. மான்டிஸ் ஷ்ரிம்ப், இறால் போலிருந்து இரையை அடித்துப் பிடிக்கும் வேட்டைக்காரன்! மறுநாள் கல்லை வாளியில் வைத்து ஓட்டைக்குள் சோடா ஊற்றினேன். எதுவும் வெளியே வரவில்லை. கல் இப்போது பால்கனியில் காய்கிறது. போன வியாழன் ராத்திரி மறுபடியும் அதே 'டக்'.

உப்புக்காற்று:
என்னிடம் காணாமல் போனது ஃபயர்ஃபிஷ், துள்ளி வெளியே குதித்துவிடும் சின்ன மீன். மூடி போட்டிருந்தேன், ஒயர் போகும் மூலையில் மட்டும் இரண்டு விரல் இடைவெளி. மூன்று வாரம் கழித்து ஸ்டாண்டுக்குப் பின்னால் பெருக்கும்போது என் மகள் "அப்பா, காய்ந்த மிளகாய் கிடக்கு" என்று எடுத்து வந்தாள். அந்த நீண்ட முதுகுத் துடுப்பு அப்படியே விறைத்து நின்றது. அவள் உள்ளங்கையில் அதைப் பார்த்தது இன்னும் போகவில்லை.

கொளத்தூர்ப்பக்கம்:
அலைவாசி, சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிஸ்டல் ஷ்ரிம்ப் என்ற சின்ன இறாலும் தன் கொடுக்கை அப்படித்தான் சொடுக்கும். குரோமிஸ் கூட்டம் தொட்டியில் தானாகவே குறையும். வலுவானது மற்றதை விரட்டி விரட்டிச் சாப்பிட விடாது. இளைத்தது ராத்திரியில் செத்தால் காலையில் மிச்சம் இருக்காது. என் தொட்டியில் ஒரு மே மாத பவர்கட்டில், சூட்டில் டாம்செல் மீன் ஒன்று போனது. விடியற்காலை பார்த்தால் பிரிசில் புழுக்கள் கயிறு பிரிந்தது போல அதன்மேல் நெளிந்துகொண்டிருந்தன. அவை கொல்லவில்லை, செத்ததைத் தின்றன. அவற்றை ஒழிக்கக் கிளம்பாதீர்கள், உங்கள் துப்புரவாளர்கள் அவைதான். வெறும் கையால் தொட்டால் முள் ஏறும், அது வேறு விஷயம். மீன் காணவில்லை என்றால் முதலில் தரையைப் பாருங்கள். அடுத்து தண்ணீர் வழிந்திறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, கீழே இருக்கும் சம்ப் தொட்டி, அழுக்கைப் பிடிக்கும் ஃபில்டர் சாக்ஸ் பை. அம்மோனியா டெஸ்ட் எடுங்கள்; பெரிய மீன் எங்கோ அழுகினால் அதில் தெரியும். தீனி போடும்போது தினமும் எண்ணுங்கள். புதிய கல்லை நேராகத் தொட்டிக்குள் இறக்காமல் தனி வாளியில், ஹீட்டரும் பம்பும் போட்டு, சில வாரம் வைத்துப் பாருங்கள். நண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். கறுத்த நகமும் மயிர் முளைத்த காலும் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

அலைவாசி:
சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை ஐயா, கண்ணைப் பார்த்தேன். பிஸ்டல் ஷ்ரிம்புக்குக் காம்புக் கண் நீட்டிக்கொண்டு நிற்காது. குரோமிஸ் சண்டை போட்டது உண்மைதான், ஆனால் இறாலை யார் தின்றது?

நீலக்கரை:
இருவர் சொல்வதும் நடக்கும். 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ மீன் காட்சியகத்தில் பவளம் வெட்டுப்பட்டுக் கிடந்து, கடைசியில் தொட்டியைப் பிரித்தபோது நாலடி நீளப் புழு கிடைத்தது. பாபிட் வகை, ஒளிந்திருந்து இரையைப் பிடிக்கும் கடல் புழு. என் தொட்டியிலும் அதன் உறவுக்காரப் புழு ஒன்று இருந்தது. லெதர் கோரல் என்ற பவளத்தில் தினம் ஒரு கடி, இரண்டு கோபி மீன்கள் காணோம். ஒரு ராத்திரி கல்லிடுக்கில் ஐந்து உணர்கொம்புகள் நீட்டிய தலை, வானவில் மினுக்கு. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். கல்லுக்குள் பிடித்துக்கொண்டு அது எதிர்ப்பக்கம் இழுத்த பலம் என் மணிக்கட்டு வரை தெரிந்தது. ஒரு சாண் வந்ததும் அறுந்துவிட்டது. மீதி உள்ளேதான் இருக்கிறது. நாலு மாதம் ஆகிறது, புது மீன் இன்னும் விடவில்லை.